பெயின்ட் விற்கத் தெரியும், அடிக்கத் தெரியாது

நான் ஹாட்வெயார் கடை வைத்து 25 வருடங்களுக்கு மேலாகிறது. இந்தக் காலத்தில் எத்தனை டின் பெயின்ட், எத்தனை போத்தல் தின்னர், எத்தனை தாள் சேண்ட் பேப்பர் விற்றிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு ஸ்ப்ரே கன்னை என் கையால் பிடித்தது 2024ஆம் ஆண்டில்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம்மில் பலர் பழைய வாகனத்தையே பழுது பார்த்து ஓட்டினோம். எனது பழைய கொரோலா காரின் பொனட்டும் கூரையும் வெயிலில் வெளிறிப் போயிருந்தன. கராஜில் சொன்ன கூலி எனக்கு அதிகமாகப் பட்டது. பெயின்ட், தின்னர், கொம்ப்ரஸர் எல்லாம் கடையில் இருக்கும்போது அடிப்பதற்கு மட்டும் இவ்வளவு சல்லியா என்று நினைத்து, நானே அடிப்பதென்று முடிவெடுத்தேன்.

எனது வாடிக்கையாளரான பெயின்ட் பாஸ் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நானா, முதல்ல காருக்கு அடிக்காதீங்க. பழைய கதவு ரெண்டு மூணு தேடி எடுங்க. டூ கே பெயின்டுக்குக் கிட்டயும் போக வேணாம்" என்றார்.

டூ கே பெயின்டில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. அதன் புகாரைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். நாம் விற்கும் துணி மாஸ்க் அதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது. வெளியிலிருந்து குழாய் மூலம் சுத்தமான காற்று வரும் முகமூடியுடன் செய்ய வேண்டிய வேலை அது. ஆகவே என்.சி. பெயின்டோடு தொடங்கினேன். அதிலும் தின்னர் எளிதில் தீப்பற்றும். திறந்த இடத்தில், அடுப்பும் சிகரட்டும் அண்டாமல் செய்ய வேண்டும்.

முதல் மூன்று நாட்களும் தேய்ப்பதிலேயே போயின. 80ஆம் நம்பர் தாளால் தேய்த்து, புட்டி வைத்து, 240ஆல் மட்டப்படுத்தி, பிரைமர் அடித்து, 400ஆம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்து மீண்டும் தேய்க்க வேண்டும். விரலுக்குத் தட்டுப்படாத கீறலையும் பெயின்ட் காட்டிக் கொடுத்துவிடும்.

கன்னைப் பிடித்த பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பமானது. தகட்டிலிருந்து 6 முதல் 8 அங்குலத் தூரத்தில், மணிக்கட்டைச் சுழற்றாமல், கை முழுவதையும் நேராக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் பாதியை மூட வேண்டும். நான் கிட்டப் பிடித்தேன், பெயின்ட் வழிந்தது. எட்டப் பிடித்தேன், தூள் படிந்தது போல் சொரசொரத்தது. பாதிக் கதவு முடியுமுன் சிறிய கொம்ப்ரஸரின் காற்று இறங்கிவிட்டது. மழை நாளில் அடித்தபோது மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்தது. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதே அதற்குக் காரணம்.

இவையெல்லாம் பழகினால் திருந்தும் பிழைகள். மூன்றாவது கதவில் நடந்தது வேறு. அதில் யாரோ முன்பு தூரிகையால் எனமல் பூசியிருந்தார்கள். அதன் மேல் என்.சி. அடித்தேன். சில நிமிடங்களில் முழுவதும் பாலாடை போலச் சுருங்கி எழும்பியது.

பாஸ் வந்து பார்த்தார். "எனமலுக்கு மேல என்.சி. அடிச்சா தின்னர் அதைத் தூக்கிடும். விற்கிற உங்களுக்கு இது தெரியாதா நானா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு த்ரீ வீல் சாரதித் தம்பி, நான் கொடுத்த பெயின்ட் இப்படியே சுருங்கிவிட்டதென்று மிச்சத்தோடு கடைக்கு வந்தார். பழைய பெயின்ட் எனமல் என்று வாங்கும்போதே அவர் சொல்லியிருந்தார். நான் தட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். "பெயின்டில பிழையில்ல, அடிச்ச கையிலதான் பிழை" என்று கூறித் திருப்பியும் அனுப்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவரைத் தேடிச் சென்று, பிழை என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மறந்திருக்கவில்லை. "அதையெல்லாம் சுரண்டி எடுத்து திரும்ப அடிக்க மூணு நாள் ஹயர் போகல்ல நானா" என்றார். நான் டின்னின் விலையைத்தான் கணக்குப் பார்த்திருந்தேன். மூன்று நாள் உழைப்பு என் கணக்கில் இருக்கவேயில்லை. எவ்வளவோ வற்புறுத்தியும் டின்னின் விலையை மட்டுமே அவர் எடுத்துக் கொண்டார்.

இப்போது எங்கள் கடையில் பெயின்ட் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். எதற்குப் பூசப் போகிறீர்கள்? கீழே இருப்பது என்ன பெயின்ட்? தூரிகையாலா, கன்னாலா? கீழே இருப்பது தெரியாவிட்டால், என்.சி. தின்னரில் துணியை நனைத்து மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறோம். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது என்.சி. சுருங்கி எழும்பினால் பெரும்பாலும் எனமல். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சில வேளை விற்பனை ஒன்று கைநழுவிப் போவதுமுண்டு.

கார் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பொனட்டை நானே அடித்தேன். பொலிஷ் போட்ட பிறகு பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. கூரையைப் பாஸிடம் கொடுத்தேன். அவர் கேட்ட கூலியில் ஒரு ரூபாவும் குறைக்கச் சொல்லவில்லை.

வியாபாரச் சகோதரர்களே, பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்ற மார்க்கச் சட்டம் நாம் அறிந்ததே. குறையைச் சொல்வதற்கு முதலில் அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். விற்கும் பொருளை ஒரு தடவையாவது நம் கையால் பாவித்துப் பார்ப்போம். நமக்குத் தெரியாததன் நட்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டாதிருப்போம். அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.