குரங்குக்கும் உண்டு அருவருப்பு

குளிர்பதனப் பெட்டியில் வைக்க மறந்த மீன் பொட்டலத்தை மறுநாள் பிரிக்கிறீர்கள். மூக்கு சுளிக்கிறது, மேலுதடு உயர்கிறது, தலை தானாகப் பின்னால் போகிறது. கெட்டுப்போன மீனில் கிருமி இருக்கும் என்ற பாடம் நினைவுக்கு வருமுன்பே உடல் விலகிவிடுகிறது. இதைத்தான் அருவருப்பு என்கிறோம். கிருமிகளை மனிதன் நுண்ணோக்கியில் பார்த்துச் சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. இந்த விலகலோ அதைவிட மிகமிகப் பழையது.

பத்துமலைப் படிகளில் பக்தர்களின் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பறிக்கும் குரங்கைப் பார்த்தால், அதற்கு அருவருப்பு இருக்கும் என்று நம்ப முடியாதுதான். ஆனால் அதன் நெருங்கிய உறவான ஜப்பானியக் குரங்கைக் கேளுங்கள். கோஷிமா தீவில் செசில் சராபியான், ஆண்ட்ரூ மெக்கின்டாஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றுக்குக் கோதுமை மணியும் வேர்க்கடலையும் வைத்தார்கள். சில, உண்மையான மலத்தின் மேல். சில, பிளாஸ்டிக்கில் செய்த போலி மலத்தின் மேல். சில, சாதாரணப் பொருளின் மேல். மலத்தின் மேலிருந்த கோதுமையைப் பெரும்பாலும் குரங்குகள் தொடவில்லை. வேர்க்கடலையை மட்டும் விடவில்லை! கடலையில் சத்து அதிகம்; அதற்காக ஆபத்தை ஏற்கலாம் என்பது குரங்குக் கணக்கு. 2015இல் வெளியான இந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: சுத்தம் பார்த்த குரங்குகளின் குடலில் புழுக்கள் குறைவாக இருந்தன.

ஆப்பிரிக்காவின் காபோனில் சிம்பன்சிகளுக்கு வேறொரு சோதனை. உள்ளே இருப்பது தெரியாத பெட்டியில் கைவிட்டு உணவை எடுக்க வேண்டும். உணவுக்கு அடியில் ஈரமான, கொழகொழப்பான மாவு இருந்தபோது சிம்பன்சிகள் கையைச் சட்டென இழுத்துக்கொண்டன. கயிறு இருந்தபோது அவ்வளவாகத் தயங்கவில்லை. இருட்டில் பிசுபிசுப்பான எதையாவது தொட்டால் நீங்களும் அதைத்தானே செய்வீர்கள்?

மனிதரிடம் இதில் பழக்கமும் கலந்துவிடுகிறது. தவழும் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். எது சீ, எது சரி என்று வீடுதான் சொல்லித் தருகிறது. டுரியான் வாடையில் நாம் நாக்கைச் சப்புக்கொட்ட, விருந்தாளி மூக்கைப் பொத்துவது இதனால்தான்.

மலம், அழுகல், பிசுபிசுப்பு ஆகியவற்றில் இந்தக் காவலாளி கெட்டிக்காரன். கொசு விஷயத்தில் ஏமாந்துபோவான். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நாற்றம்தான் காய்ச்சல் தருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். 1901இல் கிள்ளானையும் புதிதாகத் திறந்த துறைமுகத்தையும் மலேரியா உலுக்கியபோது, அங்கிருந்த அரசு மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் குன்றுப் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் நடந்தது வேறு. அங்கே காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது. அனாபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற கொசுவுக்கு வேண்டியது அதுதான்: வெயில் படும், தெளிந்த, ஓடும் நீர். நாற்றமில்லை, அழுக்கில்லை. லயங்களுக்குப் பக்கத்தில் சலசலத்து ஓடிய அந்த நீரைப் பார்த்து யார் முகம் சுளிப்பார்கள்? தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் பலர் அந்தக் காய்ச்சலில்தான் மாண்டார்கள். அதன் பிறகே குன்றுகளுக்கென்று வேறு வழிகள் வந்தன: ஓடை நீரை நிலத்தடிக் குழாயில் விடுவது, நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பது.

இன்று நாட்டிலேயே டிங்கி காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலமாகப் பெரும்பாலும் சிலாங்கூர்தான் இருக்கிறது. ஏடிஸ் கொசுவும் சாக்கடையைத் தேடுவதில்லை. பூந்தொட்டித் தட்டு, வாளி, பழைய டயர், அடைபட்ட கூரைத் தகரக் கால்வாய் ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள். வாரம் ஒருமுறை அந்தத் தட்டைக் கவிழ்த்து, ஓரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள்; முட்டைகள் தண்ணீரில் மிதப்பதில்லை, ஓரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.