காலிமனைக் குப்பைக்கு யார் பொறுப்பு?

தெருவில் கிடக்கும் குப்பைக்கு உள்ளாட்சி அமைப்பு பொறுப்பு. வீட்டுக்குள் சேரும் குப்பைக்கு வீட்டுக்காரர் பொறுப்பு. இந்தப் பாகுபாட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால், சுற்றுச்சுவர் இல்லாத காலிமனை, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு, பாதியில் நின்றுபோன கட்டடம், பழைய டயர்களைக் குவித்து வைத்திருக்கும் கொல்லை ஆகியவை இந்தப் பாகுபாட்டுக்குள் அடங்குவதில்லை. நிலம் தனியாருடையது, அங்கே சேரும் குப்பையின் தொல்லையோ ஊராருடையது.

இத்தகைய இடங்களைப் பற்றிப் புகார் அளிக்கச் செல்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் பதில், 'அது தனியார் இடம். நாங்கள் நுழைய முடியாது' என்பதுதான். எங்கள் தெருமுனையில் உள்ள ஒரு காலிமனை குறித்து நானும் அண்டை வீட்டாரும் மனு கொடுத்தபோது எங்களுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. மனையின் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே குப்பை கொட்டியவர் அவரல்லர். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களும், இரவில் வண்டியில் வந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டிச் செல்பவர்களும்தான். அப்படியிருக்க, அவரை எப்படிப் பொறுப்பாக்குவது என்று அங்கிருந்த அலுவலர் கேட்டார். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. அதற்குச் சட்டம் என்ன விடை வைத்திருக்கிறது என்பதை நாம் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

முதலில், இது அழகுணர்ச்சி தொடர்பான பிரச்னை அன்று, உயிர் தொடர்பானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. கொட்டாங்குச்சி, தேநீர்க் குவளை, உடைந்த வாளி, டயரின் உட்புறம் ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு மழைநீரே அதற்குப் போதும். முட்டையிலிருந்து முழுக்கொசுவாக வளர அதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். நீர் வற்றினாலும் அதன் முட்டைகள் பல மாதங்கள் அழியாமல் இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அந்தக் கொசு பெரும்பாலும் சில நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே பறக்கும் என்பதால், ஒரு மனையில் உருவாகும் கொசு தாக்குவது அதைச் சுற்றியுள்ள வீடுகளைத்தான். எலிகளின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல், புதரில் அடையும் பாம்புகள், குப்பைக்குத் தீ வைப்பதால் எழும் நச்சுப்புகை ஆகியவற்றையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைத் தடுக்க நம்மிடம் சட்டம் இல்லை என்று கருதுவது தவறு. 1939-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் அது நடைமுறையில் இருக்கிறது. உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் நிலையில் உள்ள எந்த இடமும், அங்கே குவிந்துள்ள கழிவும் அந்தச் சட்டத்தின்படி 'தொல்லை'யாகும். அந்த இடம் அரசுடையதா, தனியாருடையதா என்பது அங்கு பொருட்டன்று. தொல்லைக்குக் காரணமானவரிடம் அதை அகற்றுமாறு அறிவிக்கை அளிக்கலாம். அவரைக் கண்டறிய இயலாதபோது உரிமையாளரிடமோ, அந்த இடத்தைப் பயன்படுத்துபவரிடமோ அளிக்கலாம். கொசு உற்பத்திக்கு இடமளிக்கும் வகையில் நீரைத் தேங்க விடக்கூடாது என்பதற்கு அச்சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு.

இதில் அடங்கியுள்ள கோட்பாடு கவனிக்கத்தக்கது. தவறு செய்தவரைத் தண்டிப்பது வேறு. தொல்லையை அகற்றுவது வேறு. குப்பை கொட்டியவருக்கு அபராதம் விதிக்க, கொட்டியவர் யார் என்று மெய்ப்பிக்க வேண்டும். ஆனால், கொசுப்புழு அதுவரை காத்திருக்காது. அதனால்தான், இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவரிடம் 'அகற்றுங்கள்' என்று சட்டம் சொல்கிறது. அவர் குற்றவாளி என்பது இதற்குப் பொருளன்று. அந்த இடத்தைத் திறக்கவும், மூடவும், வேலியிடவும் உரிமை படைத்தவர் அவர் என்பதே பொருள். அந்த அலுவலரின் கேள்விக்கு விடை இதுதான். உரிமை எவரிடம் இருக்கிறதோ, பராமரிக்கும் கடமையும் அவரிடமே இருக்கிறது.

உள்ளாட்சி அமைப்பு நடவடிக்கை எடுக்காவிட்டால் மற்றொரு வழியும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவாக உள்ளது. மக்களின் உடல்நலத்துக்கோ, நல்வாழ்வுக்கோ ஊறு விளைவிக்கும் வகையில் பொருள்களைச் சேர்த்து வைத்திருப்பதை அகற்றுமாறு நிர்வாக நடுவர் நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். ஆணை பெற்றவர் அதை நிறைவேற்ற வேண்டும். இல்லையேல், நேரில் வந்து தன் தரப்பைச் சொல்ல வேண்டும். மத்திய பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி வழக்கு இந்த அதிகாரத்தின் கீழ் எழுந்ததுதான். சாக்கடைத் தொல்லையை நீக்கப் பணமில்லை என்று அந்த நகராட்சி வாதிட்டது. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆக, இச்சட்டப் பிரிவு தனியாரை மட்டுமன்றி உள்ளாட்சி அமைப்பையும் கட்டுப்படுத்துகிறது.

அரசமைப்புச் சட்டமும் இதற்கு வழிவிடுகிறது. 1978-இல் செய்யப்பட்ட 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு சொத்துரிமை அடிப்படை உரிமையாக நீடிக்கவில்லை. 300-ஏ பிரிவின்படி சட்டபூர்வ உரிமையாக இருக்கிறது. பொது சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் நகராட்சிகளுக்கு உரிய பணிகளாகப் பன்னிரண்டாவது அட்டவணையில் இடம்பெற்றுள்ளன.

வேறு சில நாடுகள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கின்றன. இலங்கையில் 2007-ஆம் ஆண்டிலேயே நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கொசு பெருகக்கூடிய பொருள்களைத் தன் வளவிலிருந்து அகற்றுவது அதன்படி உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் கடமையாகும். சிங்கப்பூரில் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அலுவலர்கள் வீடுகளுக்குள் சென்று சோதனையிடுகின்றனர். கொசுப்புழு கண்டறியப்பட்டால் அபராதம் விதிக்கப்படுகிறது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில், அறிவிக்கைக்குப் பிறகும் மனை சுத்தம் செய்யப்படாவிட்டால், நகராட்சியே சுத்தம் செய்து அந்தச் செலவைச் சொத்தின் மீது சுமத்துகிறது.

நம்மிடமும் சட்டம் இருக்க, நடைமுறை ஏன் தோற்கிறது? முதல் காரணம், உரிமையாளரைக் கண்டறிவதில் உள்ள சிக்கல். பட்டா வருவாய்த் துறையிடம் இருக்கிறது. விற்பனைப் பத்திரம் பதிவுத் துறையிடம் இருக்கிறது. வரிப் பதிவேடு உள்ளாட்சி அமைப்பிடம் இருக்கிறது. மூன்றும் ஒத்துப்போகாதபோது, இறந்தவரின் பெயருக்கு அனுப்பப்படும் அறிவிக்கை திரும்பி வருகிறது. இரண்டாவது, அறிவிக்கை அனுப்புவதோடு கோப்பு மூடப்படுவது. மூன்றாவது, தண்டனையின் சொற்பம். பொதுத் தொல்லைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாயாக இருந்த அதிகபட்ச அபராதம், பாரதிய நியாய சன்ஹிதாவில் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பல லட்சம் மதிப்புள்ள மனையை வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டாக இருக்காது.

நான்காவது காரணம் நாம்தான். ஒருமுறை சுத்தம் செய்யப்பட்ட மனை, சில வாரங்களில் மீண்டும் குப்பைமேடாகிறது. குப்பை வண்டி வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர்கள், பையைக் கட்டி அங்கே எறிந்துவிட்டுப் போகின்றனர். திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்கச் சொல்கின்றன. பொதுவெளியில் எறிவதையும், எரிப்பதையும், புதைப்பதையும் தடை செய்கின்றன. காலிமனையை ஊர்ப் பொதுக் குப்பைத் தொட்டியாகக் கருதும் மனப்பான்மை மாறாதவரை, எந்த அறிவிக்கையாலும் நிரந்தரப் பயன் விளையாது.

தீர்வுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. நகர்ப்புறங்களில் காலிமனை வரி வசூலிக்கப்படுகிறது. அந்தப் பதிவேட்டில் உரிமையாளரின் கைப்பேசி எண்ணையும், வெளியூரிலோ, வெளிநாட்டிலோ இருப்பவரானால் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கலாம். அறிவிக்கையை அஞ்சலில் அனுப்புவதோடு மனையிலும் ஒட்ட வேண்டும். குறித்த நாளுக்குள் சுத்தம் செய்யப்படாவிட்டால், உள்ளாட்சி அமைப்பே சுத்தம் செய்து, செலவை வரி நிலுவையுடன் சேர்த்து வசூலிக்க வேண்டும். மனையைச் சுற்றி வேலியிட்டு முறையாகப் பராமரிப்பவருக்கு வரியில் சிறு சலுகை தருவதையும் பரிசீலிக்கலாம். இவையெல்லாம் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே, செப்டம்பர் மாதத்துக்குள் முடிய வேண்டும். டெங்கு பரவிய பிறகு புகை அடிப்பதைவிட இதற்குச் செலவு குறைவு.

அதேவேளையில், இந்த அதிகாரம் எளியவர்கள் மீது பாயும் ஆயுதமாகிவிடக் கூடாது. குடிசையின் ஓரத்தில் விறகும் பழைய பானைகளும் அடுக்கி வைத்திருப்பவரையும், மனையை முதலீடாக வாங்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. காயலான் கடைக்காரர்கள் சேர்த்து வைப்பது நம் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றலாம். ஆனால், நகரத்தின் பழைய இரும்பையும், காகிதத்தையும், நெகிழியையும் குப்பைக் கிடங்குக்குப் போகாமல் தடுப்பவர்கள் அவர்கள்தாம். டயருக்குக் கூரை, பொருள்களுக்கு மூடுதிரை, நீர் தேங்காத தரை ஆகிய நிபந்தனைகளை விதித்து அவர்களை முறைப்படுத்துவதே சரியான அணுகுமுறை. எது குப்பை என்பதை அலுவலரின் விருப்பு வெறுப்பு தீர்மானிக்கக் கூடாது. நோய்க்கோ, விபத்துக்கோ இடமளிக்கிறதா என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். அறிவிக்கையில் குறையும், கால அவகாசமும், மேல்முறையீட்டு வழியும் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

குடிமக்களாகிய நாமும் புகாரைச் சொல்லளவில் நிறுத்திவிடாமல் எழுத்தில் அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சென்னையில் 1913 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். நாளும் புகைப்படமும் இணைக்கப்பட்ட புகாரை 'தனியார் இடம்' என்ற ஒற்றைச் சொல்லால் தட்டிக்கழிப்பது எளிதன்று. நிலத்துக்கு எல்லைக்கல் நடலாம்; கொசுவுக்கும் புகைக்கும் எல்லைக்கல் கிடையாது என்பதை மனையின் உரிமையாளரும் உள்ளாட்சி நிர்வாகமும் உணர்ந்தாக வேண்டும்.