பழைய வீடுகளின் சுவர்களுக்கு வெப்பக் காப்பிடல்

குளிர் நாடுகளில் கட்டி முடிந்து பல பத்தாண்டுகள் ஆன வீடுகளின் சுவர்களில், உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும் பொருளைப் பின்னாளில் சேர்ப்பது சுவர் வெப்பக் காப்பிடல் எனப்படும். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிபொருள் விலை ஏறியபோது இப்பணி பரவலானது. பிரித்தானியா, கனடா, செருமனி, சுவீடன் முதலிய நாடுகளில் இது நடைபெற்று வருகிறது. பழைய வீடுகள் மிகுதியாக உள்ள பிரித்தானியாவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அங்கே இடைவெளி இல்லாத கனச் சுவர் கொண்ட வீடுகள் மட்டும் ஏறத்தாழ 80 இலட்சம் உள்ளன.

== வெப்பம் வெளியேறும் விதம் ==

குளிர் உள்ளே வருகிறது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் நடப்பது வெப்பம் வெளியே போவதுதான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே வெப்பம் செல்லும். இடையில் உள்ள பொருள் எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு விரைவாக வீடு குளிரும்.

அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். கனிமக் கம்பளி, தெர்மாகோல், மரத்தூள், ஆட்டு ரோமம் ஆகியவை வெப்பத்தைத் தடுப்பதற்குக் காரணம், அவை தமக்குள் காற்றைச் சிறு சிறு அறைகளாகச் சிறைப்பிடித்து வைத்திருப்பதே. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்து சென்னை ஐஸ் ஹவுஸில் சேமிக்கப்பட்ட பனிக்கட்டி, வழியில் உருகாமலிருக்க மரத்தூளில் பொதிந்தே அனுப்பப்பட்டது. அங்கே வெளி வெப்பம் உள்ளே வராமல் காத்த அதே தத்துவம், இங்கே உள் வெப்பம் வெளியே போகாமல் காக்கிறது.

செங்கல்லின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.77, கனிமக் கம்பளியின் கடத்துதிறன் சுமார் 0.036 (அலகு: ஒரு மீட்டர், ஒரு பாகைக்கு வாட்). அதாவது 100 மி.மீ. கம்பளி செய்யும் வேலையைச் செங்கல் செய்ய வேண்டுமானால், சுவர் 2 மீட்டருக்கும் மேல் தடிமனாக இருக்க வேண்டும்.

ஒரு சுவர் எவ்வளவு வெப்பத்தை விடுகிறது என்பதை 'யு மதிப்பு' காட்டும். ஒரு சதுர மீட்டர் சுவர், இரு பக்கமும் ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது, எத்தனை வாட் வெப்பத்தை இழக்கிறது என்பதே அது. பூச்சுடன் கூடிய 9 அங்குலச் செங்கல் சுவருக்குக் கணக்குப்படி இது சுமார் 2.1. வீட்டின் வெளிச்சுவர்ப் பரப்பு 60 சதுர மீட்டர், உள்ளே 20 பாகை, வெளியே 5 பாகை என்று கொள்வோம். இழப்பு 60 × 2.1 × 15 = 1,890 வாட். ஒரு பெரிய மின் கணப்பு இரவு பகலாக எரிவதற்கு இது ஏறத்தாழச் சமம்.

இச்சுவரில் 50 மி.மீ. கம்பளி சேர்த்தால் யு மதிப்பு சுமார் 0.54 ஆகக் குறைந்து, இழப்பு 486 வாட்டாகிறது. 100 மி.மீ. சேர்த்தால் 0.31, இழப்பு 279 வாட். 200 மி.மீ. சேர்த்தால் 0.17, இழப்பு ஏறத்தாழ 150 வாட். முதல் 50 மி.மீ. மிச்சப்படுத்துவது 1,400 வாட். கடைசி 100 மி.மீ. மிச்சப்படுத்துவதோ 130 வாட் அளவே. தடிமனை இரட்டிப்பாக்கினால் பயனும் இரட்டிப்பாகும் என்று விற்பனையாளர் சொன்னால் இந்தக் கணக்கை நினைவுகூர்வது நல்லது.

ஆனால் நேரில் அளந்து பார்த்தபோது பல பழைய கனச் சுவர்கள் 2.1-ஐ விடக் குறைவாகவே வெப்பத்தை இழந்தன. இதனால் பிரித்தானிய அரசின் கணக்கீட்டு முறையில் கனச் சுவருக்கான பொது மதிப்பு பின்னர் 1.7 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே தாளில் எதிர்பார்த்த அளவுக்கு எரிபொருள் கட்டணம் குறையாமல் போவதும் உண்டு.

== சுவரின் வகையும் காப்பின் இடமும் ==

பிரித்தானியாவில் 1920-களுக்கு முன் கட்டிய வீடுகள் பெரும்பாலும் கனச் சுவர் கொண்டவை. அதன்பின் இடைவெளிச் சுவர் வழக்கத்துக்கு வந்தது. இதில் இரண்டு செங்கல் அடுக்குகளுக்கு நடுவே 50 மி.மீ. அளவில் வெற்றிடம் விடப்பட்டிருக்கும்.

காற்று நல்ல காப்பு என்றால் இந்த வெற்றிடமே போதாதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். போதாது. அகன்ற இடைவெளியில் காற்று அசையாமல் நிற்பதில்லை. சூடான பக்கத்தில் மேலெழுந்து, குளிர்ந்த பக்கத்தில் கீழிறங்கி, வெப்பத்தைச் சுமந்துகொண்டே சுழலும். கதிர்வீச்சாகவும் வெப்பம் மறுபக்கம் தாவும். வெளிச்சுவரில் 22 முதல் 25 மி.மீ. அளவில் துளைகள் இட்டு, கம்பளித் துகளையோ தெர்மாகோல் மணிகளையோ குழாய் மூலம் ஊதி நிரப்பினால் இச்சுழற்சி நின்றுவிடும். ஒரு நாளில் முடியக்கூடிய, செலவு குறைந்த வேலை இது.

எனினும் அந்த வெற்றிடம் விடப்பட்டதன் முதல் நோக்கமே மழை ஈரம் உட்சுவருக்குத் தாவாமல் தடுப்பதுதான். மேற்குக் கடற்கரை, வேல்சு, மேற்கு இசுக்காட்லாந்து போன்ற பகுதிகளில் காற்றோடு சேர்ந்து மழை சுவரில் அறையும். வெளிச்சுவரில் விரிசலோ சிதைந்த சாந்தோ உள்ள வீட்டில் இடைவெளியை நிரப்பினால், நிரப்பிய பொருளே ஈரத்துக்குப் பாலமாகிவிடும். ஊதி நிரப்பியதைப் பின்னர் பணம் கொடுத்து உறிஞ்சி எடுக்க நேர்ந்த வீடுகள் பல.

கனச் சுவரில் இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, வெளிப்புறம் காப்புப் பலகை பதித்து மேலே பூசுவது. மற்றொன்று, உட்புறம் பதிப்பது. வெளிக்காப்பில் வீட்டின் முகமே மாறிவிடும். கூரை விளிம்பு, சன்னல் படி, வடிகுழாய் அனைத்தையும் நீட்ட வேண்டியிருக்கும். மரபுப் பாதுகாப்புத் தெருக்களில் இதற்கு அனுமதி கிடைப்பது அரிது. உட்காப்பில் முகப்பு தப்பும். ஆனால் அறைகள் சுருங்கும்.

== ஈரம் என்னும் சிக்கல் ==

பழைய வீட்டில் காப்பிடுவோர் முதலில் எண்ண வேண்டியது ஈரத்தைப் பற்றியே.

சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு ஆகியவற்றால் வீட்டுக் காற்றில் நீராவி சேர்கிறது. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் துளிர்ப்பது போல, இந்த நீராவி குளிர்ந்த பரப்பைத் தொட்டால் நீராகும். 20 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றுக்கு இந்தப் பனிப்புள்ளி 12 பாகை.

மேலே கண்ட வீட்டையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். காப்பு இல்லாதபோது செங்கல்லின் உட்பரப்பு சுமார் 16 பாகையில் இருக்கும், நீர் துளிர்க்காது. உட்புறம் 100 மி.மீ. கம்பளி பதித்த பின், அதற்குப் பின்னால் மறைந்துள்ள அதே செங்கற்பரப்பு 6 அல்லது 7 பாகைக்கு இறங்கிவிடும். அறையின் வெப்பம் இப்போது அதை எட்டுவதில்லை. நீராவி எங்கேனும் ஓர் இடுக்கு வழியாக அங்கே சென்றால் நீராகத் தேங்கும். இரண்டாம் தளத்தைத் தாங்கும் மர உத்திரங்களின் முனைகள் அந்தச் செங்கல்லுக்குள்தான் புதைந்திருக்கின்றன. அவை உளுத்துப்போவது பல ஆண்டுகள் வெளியே தெரியாது. வெளிக்காப்பில் இந்த ஆபத்து குறைவு. செங்கல் முழுவதும் கம்பளிக்குள் இருப்பதால், அதன் வெளிப்பரப்பே 18 பாகை அளவில் இருக்கும்.

பழைய சுவர்களில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து பயன்பட்டிருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டையோ நெகிழித் தாளையோ ஒட்டினால் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லை. ஆகையால் இத்தகைய வீடுகளுக்கு மரநார்ப் பலகை, சுண்ணாம்புப் பூச்சு போன்ற நீராவியைக் கடத்தும் பொருள்களைப் பலர் பரிந்துரைக்கின்றனர்.

காப்பு விட்டுப்போன இடங்களும் தொல்லை தரும். சுவர் முழுதும் பதித்துவிட்டு, சன்னல் ஓரத்தை மட்டும் விட்டுவிட்டால், பூஞ்சணம் அங்கே கூடும். குளிர்காலத்தில் சன்னலை மூடிவைத்து, வீட்டுக்குள்ளேயே துணி உலர்த்தி, மூன்று வேளையும் சமைக்கும் வீடுகளில் (இலண்டன் ஈசுட்டு ஆம் பகுதியின் பழைய தொடர் வீடுகளில் வாழும் தமிழர் இதை அறிவர்) எக்சாஸ்ட் விசிறி இல்லாமல் காப்பு மட்டும் செய்வது சிக்கலை வரவழைப்பதாகும். பூஞ்சணம் வெறும் அழுக்கு அன்று. 2020 திசம்பரில் ராச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, நெடுநாள் பூஞ்சணம் படர்ந்த வீட்டில் வாழ்ந்ததன் விளைவாக இறந்ததென மரண விசாரணை முடிவுசெய்தது. அது காப்பால் நேர்ந்ததன்று. ஆனால் ஈரமும் காற்றோட்டமின்மையும் எதில் கொண்டுவிடும் என்பதை அது காட்டியது.

== கனடாவின் நுரை ==

கனடாவின் பழைய வீடுகளில் பல மரச்சட்டத்தால் ஆனவை. சட்டங்களுக்கிடையே உள்ள காலி அறைகளில் ஊதி நிரப்புவது எளிது. 1977-இல் தொடங்கிய அரசு மானியத் திட்டத்தின்போது யூரியா பார்மால்டிகைடு நுரை இதற்குப் பெரிதும் பயன்பட்டது. அந்நுரை நாளடைவில் சுருங்கியது. கண்ணையும் மூச்சையும் உறுத்தும் வளியையும் வெளியிட்டது. 1980 திசம்பரில் அரசு அதைத் தடைசெய்தது. மானியம் பெற்று இட்ட அதே பொருளை அகற்றுவதற்கும் பின்னர் அரசு உதவ வேண்டியதாயிற்று. இன்று அங்கே பழைய செய்தித்தாளை அரைத்து, போரேட் உப்பு கலந்த செல்லுலோசுத் துகள் பரவலாக நிரப்பப்படுகிறது. பழைய திறந்தவகை மின்கம்பிகள் சுவருக்குள் இருந்தால், நிரப்புமுன் அவற்றை மாற்றுவது இன்றியமையாதது. துகளால் மூடப்பட்ட கம்பி சூடேறும்.

== தீயும் தரமும் ==

2017 சூன் 14 அன்று இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் எழுந்த தீயில் 72 பேர் இறந்தனர். 1974-இல் கட்டி முடிந்த அக்கட்டடத்துக்கு 2016-இல் வெளிக்காப்பும் உறையும் சேர்க்கப்பட்டிருந்தன. தீ பரவ முதன்மைக் காரணம் பாலித்தீன் உட்கொண்ட அலுமினிய உறைத் தகடு. எரியக்கூடிய நுரைக் காப்பும் துணை நின்றது. கனிமக் கம்பளி எரியாது என்பதால் உயரக் கட்டடங்களில் அது விரும்பப்படுகிறது.

அடுத்தது வேலையின் தரம். பிரெசுட்டன் நகரின் ஃபிசுவிக் பகுதியில் 2013-இல் 300-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மானியத்தில் இட்ட வெளிக்காப்பு பழுதாகி, வீடுகளுக்குள் ஈரம் புகுந்தது. 2019-இல் புதிய பணித்தரம் வந்தது. வீடு முழுவதையும் ஆய்ந்த பின்பே காப்பிட வேண்டும், காற்றோட்டத்தையும் கூடவே திட்டமிட வேண்டும் என்று அது கூறியது. இருந்தும், இரண்டு அரசுத் திட்டங்களின் கீழ் வெளிக்காப்பிட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்தப்பட வேண்டிய பெருங்குறைகள் உள்ளன என 2025 அக்டோபரில் பிரித்தானியத் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிவித்தது. உட்காப்பில் இது 29 விழுக்காடு. விதி இருந்தும் மேற்பார்வை இல்லாமற்போனதே இதில் தெரிகிறது. குறைகளோடு வாழ்பவர்களில் பலர் இலவசம் என்ற சொல்லை நம்பிக் கதவைத் திறந்த எளிய குடும்பத்தினர்.

== வேலையின் வரிசை ==

சுவரைத் தொடுமுன் கூரைக்கு அடியில் காப்பிடுவதே மலிவானது. பிரித்தானியாவில் அங்கே 270 மி.மீ. கம்பளி பரிந்துரைக்கப்படுகிறது. கதவு, சன்னல் இடுக்குகளை அடைப்பது அடுத்தது. தரைக்கடியில் காற்றுப் போகவிடும் துளைச் செங்கற்களை மட்டும் அடைக்கக் கூடாது; அடைத்தால் தரைப் பலகைகள் அழுகும். ஒழுகும் வடிகுழாய், உதிர்ந்த சாந்து, சுவரோரம் உயர்ந்துவிட்ட மண் ஆகியவற்றைச் சரிசெய்து, சுவர் ஒரு பருவமாவது உலர்ந்த பிறகே காப்புப் பலகை ஏற வேண்டும். ஈரச் சுவரை மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே தங்கிவிடும்.