கொடியடுப்பும் 563 கிலோமீட்டர் கம்பியும்

மொசாம்பிக் வரைபடத்தில் பெரிய மின்கம்பிகளை மட்டும் வரைந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வடமேற்கே சாம்பேசி ஆற்றின் குறுக்கே கஹோரா பாசா அணை. 415 மெகாவாட் வீதம் ஐந்து இயந்திரங்கள், மொத்தம் 2,075 மெகாவாட். அங்கே கிளம்பும் பெருங்கம்பி தலைநகர் மபூத்தோவுக்குப் போவதில்லை. 1,420 கிலோமீட்டர் ஓடி, எல்லை தாண்டி, ஜோகன்னஸ்பர்க் பக்கம் போய் முடிகிறது. மபூத்தோவுக்கு வேண்டிய கரன்ட் தென்னாப்பிரிக்கக் கம்பிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. தன் கிணற்றுத் தண்ணீரை அடுத்த வீட்டுக் குழாயில் பிடித்துக் குடிப்பது போலத்தான்.

போர்த்துக்கீசியர் ஆண்ட காலத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு விற்பதற்கென்றே போட்ட திட்டம் அது. 1975-இல் விடுதலை வந்தது. பின்னாலேயே உள்நாட்டுப் போரும் வந்தது. கம்பி தாங்கிய கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் சாய்க்கப்பட்டு, அணை பல ஆண்டுகள் ஏறக்குறைய சும்மா கிடந்தது. அணை நிறுவனத்தின் பெரும்பங்கு மொசாம்பிக் கைக்கு வந்ததே 2007-இல்தான். ஆனாலும் நாட்டின் வடக்கு மின்கட்டமைப்பும் தெற்கு மின்கட்டமைப்பும் ஒன்றையொன்று தொடாமலே இருந்தன.

எரிவாயுவின் கதையும் இதே அச்சில் வார்த்தது. இன்யம்பானே மாகாணத்தில் பாண்டே வயலில் 1961-லேயே வாயு கண்டுபிடித்தார்கள். அதையும் பக்கத்திலிருக்கும் தெமானே வயலையும் தென்னாப்பிரிக்காவின் சாசோல் நிறுவனம் வளர்த்தெடுத்தது. 2004 முதல் 865 கிலோமீட்டர் குழாய் வழியே வாயு தென்னாப்பிரிக்காவின் செக்குண்டாவுக்குப் போகிறது. உள்ளூரில் நின்றது கொஞ்சம். குழாய் போகும் மண்ணுக்கு மேலே மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. 2018-இல்கூட நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் மின்சாரம். அந்த ஆண்டு அரசு 'எல்லாருக்கும் மின்சாரம்' என்று ஒரு திட்டத்தை அறிவித்து, 2030-ஐக் கெடுவாக வைத்தது.

அந்தக் கெடுவுக்காகத்தான் தெமானேயில் 450 மெகாவாட் எரிவாயு மின்நிலையம். குளோபெலெக் நிறுவனம், சாசோல், அரசு மின்நிறுவனமான ஈ.டி.எம். ஆகியவை கூட்டாளிகள். 2022-இல் கட்டுமானம் தொடங்கியது.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நம் பாட்டிமார் வைத்திருந்த கொடியடுப்பு போதும். முதன்மை அடுப்பில் சோறு வேகும். அதன் தீ உள்வழியே பக்கத்து வாய்க்குப் போய்க் குழம்பைக் கொதிக்க வைக்கும். விறகு ஒன்று, சமையல் இரண்டு. பொறியாளர்கள் இதைக் 'கூட்டுச் சுழற்சி' என்கிறார்கள்.

முதல் அடுப்பு, கேஸ் டர்பைன். விமான எஞ்சினின் உடன்பிறப்பு. வெளிக்காற்றை உறிஞ்சி, பதினைந்து இருபது மடங்கு அழுத்தி, அதில் வாயுவைக் கலந்து கொளுத்தினால், பெருகும் சூட்டுக்காற்று இறக்கைகளைத் தள்ளிச் சுழற்றுகிறது. இப்படிக் கிடைக்கும் சக்தியில் பாதிக்கு மேல் அந்தக் காற்றை அழுத்தும் கம்பரசருக்கே போய்விடும், மிச்சம்தான் ஜெனரேட்டருக்கு. பெரிய நவீன டர்பைன்களில் எரியும் காற்றின் சூடு, இறக்கையைச் செய்த நிக்கல் கலவையின் உருகுநிலையையே தாண்டும். இறக்கைக்குள் நுண்துளைகள் வைத்துக் குளிர்காற்றை ஓட்டுவதாலும், மேலே பீங்கான் பூச்சு இருப்பதாலும்தான் அது உருகாமல் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் உலோகவியல் சாதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இறக்கைதான்.

டர்பைனை விட்டு வெளியேறும் புகை 500 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதை வானத்தில் விட்டால், 100 பங்கு வெப்பத்தில் 38 பங்கு போல மின்சாரம், மற்றது வீண். அதே புகையைக் கொதிகலன் வழியே அனுப்பி, நீராவியாக்கி, இன்னொரு டர்பைனைச் சுழற்றினால் மேலும் 18, 20 பங்கு தேறும். கூடுதல் வாயு ஒரு துளியும் வேண்டாம்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு: வெயில். டர்பைனின் திறனை 15 டிகிரிக் காற்றை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். வெயில் ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். உள்ளே போகும் எடையும் குறையும். 35 டிகிரியில் உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கலாம். எல்லாரும் மின்விசிறி போடும் நாளில்தான் இயந்திரமும் மூச்சு வாங்கும். போதாததற்குக் கடல். கனத்த இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்க அருகில் பெரிய துறைமுகம் இல்லாத, புயலுக்கும் ஆளாகும் கரை அது. 2024 மார்ச்சில் ஃபிலிப்போ புயல் அதே இன்யம்பானே மாகாணத்தின் இன்யசோரோவில்தான் கரையேறியது.

மின்நிலையம் பாதிக் கதைதான். உலக வங்கி உள்ளிட்டோரின் நிதியில், தெமானேக்குப் பக்கத்திலுள்ள விலான்குலோவிலிருந்து மபூத்தோ வரை 563 கிலோமீட்டருக்கு 400 கிலோவோல்ட் கம்பி போடும் திட்டமும் இதோடு சேர்ந்தது. ஏன் இத்தனை வோல்ட்? அந்தப் பகுதியின் பழைய கம்பிகள் 110 கிலோவோல்ட். அதே சக்தியை 400-இல் அனுப்பினால் ஓடும் மின்னோட்டம் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். கம்பி சூடாகி வீணாவதோ அதன் இருமடிக்கு இறங்கி, பதின்மூன்றில் ஒரு பங்காகிவிடும். வடக்கையும் தெற்கையும் சொந்த மண்ணிலேயே இணைக்க நெடுநாளாகப் பேசிவரும் முதுகெலும்புக் கம்பியின் முதல் கண்ணி இது. என்னைக் கேட்டால், டர்பைனைவிட இந்தக் கம்பிதான் பெரிய செய்தி.

எரிவாயு தூய எரிபொருள் என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு யூனிட்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு 350 முதல் 400 கிராம். நிலக்கரி 900-ஐத் தாண்டும். பாதிக்கும் குறைவுதான். ஆனால் மொசாம்பிக்கின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம் என்பதால் இது அந்த நாட்டுக்குப் புதுப் புகை. குழாயில் கசியும் மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்கு சூடேற்றும். மறுபக்கம், சூரிய மின்சாரம் மலிந்த இந்நாளிலும் ஆப்பிரிக்க வீட்டில் விளக்கு வேண்டியிருப்பது பொழுது சாய்ந்த பிறகு. வடகோடியில் ரோவுமா படுகையின் பெருவாயு வேறு கதை. அதைத் திரவமாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். அங்கே ஒரு பகுதியில் இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு 30 சதவீதப் பங்கு இருக்கிறது.

450 மெகாவாட்டை மாதம் முழுக்க ஓட்டினால் 32 கோடி யூனிட். மாதம் 50 யூனிட் எரிக்கும் எளிய வீடுகளுக்கென்றால் 60 லட்சம் வீட்டுக்கு மேல் காணும் என்று தாளில் கணக்குப் போடலாம். தாளில்தான். மபூத்தோவுக்கு அருகே 2000-இல் உற்பத்தி தொடங்கிய மொசால் அலுமினிய ஆலை, நெடுங்காலம் நாட்டின் மற்ற எல்லாரும் சேர்ந்து எடுத்ததைவிட அதிக மின்சாரம் எடுத்தது. 400 கிலோவோல்ட் கம்பி தலைக்கு மேல் போகிறது என்பதற்காகக் கீழே இருக்கும் குடிசைக்கு விளக்கு வந்துவிடாது. துணை மின்நிலையம், 33 கிலோவோல்ட் கம்பி, தெருமுனை டிரான்ஸ்பார்மர் எனப் படிப்படியாக இறங்க வேண்டும்.

கடைசிப்படி ஒரு சின்னப் பெட்டி. நாணலாலும் மண்ணாலும் கட்டிய வீட்டில் வயரிங் செய்ய இடமில்லை. அதனால் ஒரு பலகையிலேயே ஃப்யூஸுக்குப் பதிலாகத் தானே விழும் சுவிட்ச், இரண்டு மூன்று பிளக், ஒரு பல்பு மாட்டும் வாய் எல்லாவற்றையும் சேர்த்துச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். கூடவே 'கிரெடெலெக்' மீட்டர். கைப்பேசி ரீசார்ஜ் போல முன்பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதை மீட்டரில் அழுத்தினால் பல்பு எரியும். கட்டிய பணம் தீர்ந்ததும் அணையும்.