எதெல்லாம் கெட்டுப்போகும்?

2019 செப்டம்பர் 7 அதிகாலை. பெங்களூரு பீன்யாவில் உள்ள இஸ்ரோவின் இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு அறையின் திரையில், வகுத்த கோட்டின் மேலேயே ஊர்ந்து வந்த புள்ளி விலகியது, பிறகு நின்றுபோனது. சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவில் மோதிவிட்டது. காலையில் இஸ்ரோ தலைவர் கே. சிவன் கண்கலங்கியதும் பிரதமர் அவரை அணைத்துக்கொண்டதும்தான் நாட்டின் நினைவில் தங்கின. அதற்குப் பின் நான்கு ஆண்டுகள் நடந்த வேலையை எந்தக் கேமராவும் காட்டவில்லை. எனக்கு வியப்பு அதில்தான்.

நிலவில் இறங்குவது ஏன் இவ்வளவு கடினம்? அங்கே காற்று இல்லை, பாராசூட் உதவாது. 30 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 1,683 மீட்டர் வேகத்தில் பறக்கும் கலம், எஞ்சின்களை எதிர்த்திசையில் எரித்தே வேகத்தைக் குறைக்க வேண்டும். ரேடியோ சைகை பூமிக்கு வந்துசேர ஒன்றேகால் நொடிக்கு மேல் ஆகும் என்பதால், பீன்யாவில் இருப்பவர்கள் பார்க்கலாமே தவிர ஓட்ட முடியாது. எல்லா முடிவையும் லேண்டரே எடுக்க வேண்டும்.

7.4 கிலோமீட்டர் உயரம்வரை எல்லாம் சரியாக இருந்தது. வேகம் நொடிக்கு 146 மீட்டராகக் குறைந்திருந்தது. சிக்கல் அடுத்த கட்டத்தில். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விசை கொடுத்தன. அது படம் எடுப்பதற்காகக் கலம் அசையாமல் இருக்க வேண்டிய நேரம். நடுவில் திருத்த வழியில்லை. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அந்தக் கட்டம் முடிந்ததும் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சரிசெய்ய விக்ரம் வெகுவேகமாகத் திரும்ப முனைந்தது. அவ்வளவு வேகத்துக்கு மென்பொருளில் இடமில்லை. போதாக்குறைக்கு, இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம் மட்டுமே. பயணி சொன்ன வாசலுக்கு வெகு முன்பே பிரேக் போட்டுவிட்ட ஆட்டோக்காரர், மறுபடி வேகமெடுத்து அதே வாசலில் நிறுத்தப் பார்ப்பதைப் போல, குறைக்க வேண்டிய வேகத்தைக் கலம் கூட்டிக்கொண்டது.

கவனித்தால், இதில் எந்தப் பாகமும் உடையவில்லை. எஞ்சின்கள் செய்தது ஒருவகையில் அதிகப்படியான வேலை. கணக்கிலிருந்து சற்று விலகினாலும் தாங்கிக்கொள்ளும் இடைவெளிதான் இல்லை. கடைசிவரை வந்த தரவுகளை வைத்துத்தான் இதையெல்லாம் கண்டுபிடித்தார்கள். ஆனால் விசாரணை அறிக்கையை இஸ்ரோ முழுமையாக வெளியிடவில்லை. மேலே சொன்ன விளக்கமே, 2023 ஜூலையில் சந்திரயான்-3 ஏவலுக்குச் சில நாள் முன்புதான் அப்போதைய தலைவர் எஸ். சோமநாத் வாயிலாக வந்தது. பொதுப்பணத்தில் கற்ற பாடத்தை இவ்வளவு காலம் பூட்டி வைத்திருக்க வேண்டியதில்லை.

சோமநாத் அப்போது சொன்ன இன்னொன்று முக்கியம். சந்திரயான்-2 வெற்றியை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. சந்திரயான்-3 தோல்வியை மனத்தில் வைத்து. எதெல்லாம் கெட்டுப்போகும், கெட்டாலும் எப்படி இறங்குவது என்பதே புதிய கேள்வி. விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். நடுவிலிருந்த ஐந்தாவது எஞ்சினை எடுத்துவிட்டார்கள். கால்களை வலுப்படுத்தி, நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையில் பதிந்தாலும் தாங்கும்படி செய்தார்கள். தரையைப் பார்த்து வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. எரிபொருள் கூடியது. இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரிந்தது. உணர்விகளை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். சோதனைக்கான நிலவு மண், நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துச் செய்தது. நிலவின் மேட்டுப்பகுதிப் பாறையும் அந்தப் பாறையும் ஒரே இனம்!

பழைய பயணமும் முழுக்க வீணாகவில்லை. சந்திரயான்-2இன் ஆர்பிட்டர் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் நுண்கேமரா அனுப்பிய படங்கள் புதிய இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க உதவின. புதிதாக ஓர் ஆர்பிட்டர் அனுப்பவும் தேவைப்படவில்லை.

2023 ஆகஸ்ட் 19 அன்று, நிலவில் இறங்கச் சென்றிருந்த ரஷ்யாவின் லூனா-25 அதில் மோதியது. 84 நொடி எரிய வேண்டிய எஞ்சின் 127 நொடி எரிந்ததுதான் காரணம். நான்கே நாளில், ஆகஸ்ட் 23 மாலை 6:04க்கு, சந்திரயான்-3இன் விக்ரம் நிலவின் தென்துருவப் பகுதியில் பத்திரமாக இறங்கியது.

பயணத்தில் மிச்சமானதையும் அவர்கள் விடவில்லை. செப்டம்பர் 3 அன்று எஞ்சின்களை மறுபடி எரித்து, விக்ரமைச் சுமார் 40 சென்டிமீட்டர் எழுப்பி, சற்றுத் தள்ளி இறக்கிப் பார்த்தார்கள். நிலவிலிருந்து மண்ணை எடுத்துவரப்போகும் கலங்களுக்கு அது முதல் ஒத்திகை. லேண்டரை நிலவின் சுற்றுப்பாதைவரை சுமந்துசென்ற உந்துகலத்தில் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிஞ்சியிருந்தது. அதைக் கொண்டு அந்தக் கலத்தைப் பூமியைச் சுற்றும் பாதைக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.