மலைப்பாதையில் நடுங்கும் பிறேக்கு: குற்றமறியும் முறை

நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளின் கோவா, லீக்ஸ், கரட் முதலியவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், சேற்றுப் பாதையால் வயலுக்குப் பசளையும் விதைநெல்லும் ஏற்றிச் செல்லவும் கமக்காரர் பலர் 'ஃபோர் வீல்' எனப்படும் நாற்சில்லு இழுவை வண்டிகளைப் பயன்படுத்துகின்றனர். இவ்வண்டிகளிற் பிறேக்கை மிதிக்கும்பொழுது சில வேளைகளிற் கடுமையான நடுக்கம் உண்டாகும். இதனைக் கண்டதும் பிறேக்குத் தட்டு வளைந்துவிட்டதென எண்ணிப் புதுத் தட்டு வாங்குவோர் பலர். காரணத்தை அறியாது தட்டை மாற்றினால், சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் அந்நடுக்கம் மீண்டும் தோன்றக்கூடும். ஆகையால், முதலிற் குற்றத்தை அறிதல் வேண்டும்.

பிறேக்கு தாங்கும் சுமை

சுமையுடன் 2,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்று நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும்பொழுது ஏறக்குறைய 1,300 மீற்றர் உயரம் குறைகின்றது. இவ்விறக்கத்தில் வெளிப்படும் சக்தி, 90 லீற்றருக்கு மேற்பட்ட குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் ஒரு பகுதியைக் காற்றும் இயந்திரமும் ஏற்கும். எஞ்சியது முழுவதும் பிறேக்கில் வெப்பமாக மாறும். குற்றமுள்ள பிறேக்கு இவ்விடத்திலேயே கைவிடும்.

நடுக்கம் உண்டாவது எவ்வாறு?

சில்லுடன் சுழலும் தட்டை இருபுறமும் 'பாட்' எனப்படும் உராய்வுக் கட்டைகள் நெரிப்பதனால் வண்டி நிற்கின்றது. தட்டின் தடிப்பு ஓரிடத்திற் கூடியும் ஓரிடத்திற் குறைந்தும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிடி இறுகித் தளரும், அதுவே நடுக்கமாகின்றது. ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபாடே இதற்குப் போதும்.

இவ்வேறுபாட்டிற்கு அடிக்கடி காரணமாவது தட்டிற்கும் சில்லின் குடத்திற்கும் இடையே சிக்கிய துருவும் சேறுமாகும். அதனாற் தட்டு சிறிது சாய்ந்து சுழலும். கட்டைகள் அதன் ஒரு பகுதியை மட்டும் ஓயாது தேய்க்கும். சில்லு நட்டுகளைச் சமமின்றி முறுக்குவதும் இதே தீங்கைச் செய்யும். சூடேறிய கட்டையின் பொருள் தட்டில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

சுமையை இறக்கியபின், சமமான, ஆளரவமற்ற தார் வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டி, பிறேக்கை மெதுவாக மிதிக்குக.

1. சுக்கான் நடுங்கினால் முன்சில்லுகளை ஐயுறுக.

2. சுக்கான் அமைதியாயிருந்து இருக்கையும் வண்டியுடலும் நடுங்கினால் பின்சில்லுகளை ஐயுறுக. பின்பிறேக்கு டிறம் வகையாயின், அது வட்டந் தவறியிருக்கலாம்.

3. பிறேக்கு மிதி காலின்கீழ் ஏறியிறங்கினாற் தட்டின் தடிப்பு வேறுபட்டிருக்கலாம். சரளைக் கல்லில் வன்மையாக மிதிக்கும்பொழுது மட்டும் மிதி விரைவாகத் துடித்தால், அது சில்லுகள் பூட்டிக்கொள்ளாது காக்கும் 'ஏபிஎஸ்' கருவியின் இயல்பான செயலாகும்.

4. பிறேக்கை மிதியாதபொழுதும் நடுக்கமிருந்தால், ரயரையும் சில்லின் சமநிலையையும் பார்க்குக. வயலாற் திரும்பிய வண்டியில் றிம்மின் உட்புறம் காய்ந்த சேறு ஒன்றே இதற்குப் போதும். அதனைச் சுரண்டிக் கழுவியபின் மறுபடி சோதிக்குக.

5. தார் வீதியில் வளைவுகளிற் திரும்பும்பொழுது மட்டும் வண்டி இழுத்துத் துள்ளினால், நாற்சில்லு இழுவை விடுபடாதிருத்தல் கூடும். வேண்டும்பொழுது மட்டும் அவ்விழுவையைப் பூட்டும் வண்டிகளில், சேற்றைக் கடந்ததும் இருசில்லு நிலைக்கு மாற்றுதல் வேண்டும்.

ஓடும் வண்டியிற் கைப்பிறேக்கை இழுத்துச் சோதிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பழைய லாண்ட் ரோவர் போன்ற வண்டிகளிற் கைப்பிறேக்கு சில்லிலன்றி, பின்சில்லுகளுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டிலேயே பிடிக்கும். அவற்றில் இச்சோதனையை ஒருபொழுதும் செய்தலாகாது. மேலும், அவ்வண்டிகளிற் பின்சில்லு ஒன்றை ஜாக்கியால் உயர்த்தினாற் கைப்பிறேக்கு வண்டியைப் பிடித்துநிறுத்தாது.

சில்லைக் கழற்றிப் பார்க்கும் சோதனை

கெட்டியான சமநிலத்தில், மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியை ஜாக்கியில் மட்டும் விடாது உறுதியான தாங்கியிலும் இருத்துக.

உயர்த்திய முன்சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் தெரிந்தால் வேறொருவரைப் பிறேக்கை மிதிக்கச் செய்க. அப்பொழுது ஆட்டம் மறைந்தாற் குற்றம் பெயாரிங்கில்; மறையாவிடிற் போல் ஜொயின்றில் அல்லது கிங் பின்னில் எனக் கொள்ளலாம்.

பின்னர்ச் சில்லைக் கழற்றி, கட்டைகள் இரண்டும் சமமாகத் தேய்ந்துள்ளனவா எனப் பார்க்குக. ஒன்று மட்டும் மிகத் தேய்ந்திருந்தாற் கலிப்பர் சேற்றாலோ துருவாலோ இறுகியிருத்தல் கூடும். தூசியை வாயால் ஊதலாகாது. பழைய கட்டைகளில் அஸ்பெஸ்ரோஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியாற் துடைக்குக.

தட்டைச் சீர்செய்யுமுன் கராஜில் அதன் தடிப்பை மைக்குரோமீற்றரால் எட்டு இடங்களில் அளப்பித்தும், சாய்வை டயல் கேஜால் அறிந்தும் கொள்க. சாய்வின் எல்லை பெரும்பாலான வண்டிகளில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கிற்கு மேற்படாது. சரியான அளவை வண்டியின் கைந்நூலிற் காணலாம். தட்டு புதிதாயினும் பழையதாயினும், அதனைப் பூட்டுமுன் குடத்தின் முகத்தைக் கம்பித்தூரிகையாற் துருநீக்கித் துடைத்தல் இன்றியமையாதது. நட்டுகளை ஒன்றுக்கு எதிரொன்றாக, கைந்நூலிற் கூறிய அளவிற்கு, முறுக்களவு காட்டும் ஸ்பனரால் முறுக்குக.

கமக்காரர் கவனத்திற்கு

இறக்கம் தொடங்குமுன்னரே கீழ்க் கியருக்கு மாற்றி, வேகத்தை இயந்திரத்தாற் கட்டுப்படுத்துக. மலையிறங்கியவுடன், சூடாகவுள்ள தட்டுகளுடன் வாய்க்காலில் இறங்குவதையும், அவற்றின்மேற் தண்ணீர் ஊற்றுவதையும் தவிர்க்குக. பிறேக்கு எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை ஈர்த்து, குறைந்த வெப்பத்திலேயே கொதிக்குந் தன்மையை அடையும்; ஆதலால், கைந்நூலிற் கூறிய காலத்தில் அதனை மாற்றுக.

நடுக்கத்துடன் மிதி ஆழ இறங்கினாலும், வண்டி ஒருபக்கம் இழுத்தாலும், கருகல் நாற்றம் வந்தாலும் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக. ஒருநாட் சந்தையைத் தவறவிட்டால் அந்நட்டத்தை அடுத்த விளைச்சலில் ஈடுசெய்யலாம். பிறேக்கற்ற வண்டியில் மலையிறங்குவோருக்கு அவ்வாய்ப்புக் கிடையாது.