உறிஞ்சினால் பேசும் ட்ரம்பெட்

அமெரிக்க வான்கோழி வேட்டைக்காரர்களின் பழம்பெரும் கருவி. பழகுவதற்குக் கடினமானதும் இதுதான்.

பெயர் என்னவோ ட்ரம்பெட். ஊதினால் மட்டும் சத்தம் வராது. காற்றை உள்ளே இழுக்க வேண்டும். காட்டு வான்கோழியை அழைப்பதற்காக அமெரிக்க வேட்டைக்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் இந்தக் கருவி ஒரு சாணுக்கும் குறைவான நீளம்தான். ஒரு முனையில் பென்சிலைவிட மெலிந்த குழாய், மறுமுனையில் மரத்தில் கடைந்த சிறு புனல், இடையில் உதடு முட்டி நிற்க ஒரு வட்டு. உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் ரீடு எதுவும் கிடையாது. வாசிப்பவரின் உதடுதான் ரீடு.

மயிலைப் பார்த்து ஆடியதென்று வான்கோழியைக் கேலி செய்தே பழகிவிட்டோம். அங்கே மனிதன் வான்கோழியைப் பார்த்துப் பேசப் பழகுகிறான். அதுவும் லேசில் வருவதில்லை.

பெட்டையின் குரலில்

வசந்தகால வேட்டை ஏறத்தாழ மார்ச் முதல் மே வரை நடக்கும். பெரும்பாலான மாநிலங்களில் அப்போது சேவலைத்தான் சுட முடியும். விடியற்காலையில், அடைந்திருக்கும் மரத்திலிருந்தே சேவல் கூவும். பெட்டைகள் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரரோ பெட்டையின் குரலில் கூப்பிட்டு, சேவலைத் தன் பக்கம் வரச் சொல்கிறார். வழக்கத்துக்கு மாறான அழைப்பு என்பதால், கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் சேவல் நின்றுவிடும். ஒலிப்பதிவை ஒலிக்கவிடும் மின்னணுக் கருவிகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் தடை இருப்பதால் கைத்திறனைத்தான் நம்ப வேண்டும்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆர்கன்சா மாநிலம் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்ற மரப்பெட்டியில், மூடியை விளிம்பில் உரசினாலே குரல் வந்துவிடும். வாய்க்குள் அடக்கிக்கொள்ளும் டயஃப்ரம் என்ற கருவி இரு கைகளுக்கும் விடுதலை தருகிறது. ட்ரம்பெட்டின் வம்சம் இவற்றைவிடப் பழையது. பூர்வகுடி மக்கள் வான்கோழியின் இறக்கை எலும்புகளிலேயே செய்த குழல்தான் அதன் மூதாதை. மெல்லிய ரேடியஸ் எலும்பு வாயில் வைக்க, தடித்த அல்னா அதற்கு அடுத்து, அகன்ற ஹ்யூமரஸ் கடைசியில்: மஜ்ஜையை நீக்கி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் கருவி தயார்.

சார்லஸ் ஜோர்டன் என்ற வேட்டைக்காரர் எலும்போடு நாணலை இணைத்துச் செய்த குழல் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் விட்டுச்சென்ற எழுத்துகளை வைத்து எட்வர்ட் மெக்கிலெனி 1914இல் வான்கோழி வேட்டை பற்றிய நூலை வெளியிட்டார். பின்னர் மெம்ஃபிஸ் நகரத்து டாம் டர்ப்பின் செய்த ட்ரம்பெட்டுகள் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள்.

எதைப் பார்த்து வாங்குவது?

கருங்காலி நிறத்தில் பளபளக்கும் ஆப்பிரிக்க பிளாக்வுட், செந்நிறக் கோகோபோலோ என்று கடைசல்காரர்கள் அசத்துவார்கள். எந்த மரத்துக்கு எந்தக் குரல் என்ற வாதம் ஓயாது. புதிதாக வாங்குபவர் மரத்தை விட்டுவிட்டு வாய்க்குழாயைப் பார்ப்பது நல்லது. துளை சிறிதானால் உச்சக்குரல் சுலபமாக எழும். பெரிதானால் குரல் தடிக்கும், காற்றும் அதிகம் கேட்கும். பித்தளைக் குழாய் உறுதியானது. ஆனால் குளிர்ந்த காலையில் உதட்டில் சில்லென்று ஒட்டும். எலும்பு, கொம்பு, பிளாஸ்டிக் ஆகியவற்றில் அந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது அந்த வட்டு. குழாய் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் உதட்டுக்குள் நிற்க அது உதவுகிறது. நகர்த்தக்கூடிய வட்டு இருந்தால் நம் உதட்டுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். கைக்கடைசல் ட்ரம்பெட் நூற்றுக்கணக்கான டாலர் வரை போகும். பழகுவதற்கு விலை குறைந்த தொழிற்சாலைத் தயாரிப்பே போதும்.

உதடும் கையும்

உதட்டை நாவால் நனைத்து, குழந்தைக்குச் சத்தமாக முத்தம் கொடுப்பதுபோல் குவிக்க வேண்டும். குழாயின் நுனியை மட்டும் உதடுகளுக்கிடையே வைத்து, வெடுக்கென்று சிறிதளவு காற்றை இழுக்க வேண்டும். நெஞ்சிலிருந்து நீளமாக இழுப்பதுதான் ஆரம்பக்காரர்கள் செய்யும் தவறு. இழுப்பு வாய்க்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். வெறும் காற்று வந்தால் உதடு தளர்ந்திருக்கிறது. கீச்சென்று மட்டும் கேட்டால் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது.

பெட்டையின் அடிப்படைக் குரல் 'யெல்ப்'. மேலே தொடங்கி, உடைந்து, கீழே இறங்கும் இரட்டைச் சுரம் அது. இறுக்கிய உதட்டோடு தொடங்கி, தாடையைச் சற்றே தாழ்த்தினால் குரல் தானாக இறங்கும். புனலை மூடிய உள்ளங்கையை அதே கணத்தில் திறந்தால் ஒலி விரிந்து காட்டுக்குள் போகும். கையைக் குவித்தே வைத்திருந்தால் பறவை தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஒற்றையாக வெட்டி நிறுத்துவது 'கிளக்'. இலையுதிர்காலத்தில் கூட்டம் பிரிந்த இளம்பறவைகள் எழுப்பும் 'கீ-கீ' சீழ்க்கைக்கு ட்ரம்பெட் வெகுபொருத்தம்.

சுரம் கொஞ்சம் பிசகினாலும் சமாளிக்கலாம். தாளம் பிசகக் கூடாது. நிஜப் பெட்டைகளிலேயே கரகரத்தவையும் உண்டு, கீச்சிடுபவையும் உண்டு. ஆனால் நான்கைந்து யெல்ப்புகளைச் சீரான இடைவெளியில் விடாத பெட்டை அபூர்வம். ஆகவே காட்டுப் பறவைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, கூடவே வாசித்துப் பழகுவதுதான் குறுக்குவழி.

எப்போது நிறுத்துவது?

சேவல் பதில் கொடுத்ததும் மேலும் மேலும் கூப்பிடத் தோன்றும். அப்படிக் கூப்பிட்டால் பெட்டை தன்னைத் தேடி வருகிறது என்று அது நின்ற இடத்திலேயே தோகை விரித்துக் காத்திருக்கும். ட்ரம்பெட்டுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதும், வான்கோழியின் கண் சிறு அசைவையும் பிடித்துவிடும் என்பதும் மௌனத்துக்குக் கூடுதல் காரணங்கள். பறவை நெருங்கியதும் கருவி மார்பில் தொங்கட்டும்.

குரல் அச்சு அசலாக இருப்பதில் ஆபத்தும் உண்டு: இன்னொரு வேட்டைக்காரரும் ஏமாறலாம். சேவலின் தலை நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலத்தில் எதையும் அணியக் கூடாது. தோளைவிட அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். யாராவது வருவது தெரிந்தால் கையசைக்காமல், உரக்க மனிதக் குரலில் பேச வேண்டும்.

முதல் பருவத்துக்கு யெல்ப், கிளக் இரண்டும் கைவந்தால் தாராளம். விலை உயர்ந்த மரத்தையும் மற்றக் குரல்களையும் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.